மெத்தைக்காரர் பதவி

அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் முழுக்க வழி தெரியாமல் திண்டாடுவார்கள். நுழைவாயிலில் வைத்திருக்கும் வரைபடத்தில் கட்டடங்களுக்கு நீளநீளமான பெயர்கள் இருக்கும். கொடுத்தவர் பெயர், அவர் தந்தையின் பெயர், நடுவில் 'நினைவு' என்றொரு சொல், கடைசியில் கூடம் அல்லது வளாகம். அந்தப் பெயர்களை யாரும் வாயால் சொல்வதில்லை. சோப்புக்காரர் கூடம் எங்கே என்று கேட்டால்தான் கை நீட்டிக் காட்டுவார்கள். அப்புறம் பிஸ்கட் நூலகம், பஸ் கம்பெனி விடுதி, பல் டாக்டர் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் இடறி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்ட மாணவனின் கதையை ஒவ்வொரு ஆண்டும் போன வாரம் நடந்தது போலச் சொல்வார்கள்.

இவை கண்ணுக்குத் தெரிகிற கொடைகள். கண்ணுக்குத் தெரியாத கொடை ஒன்றும் உண்டு, ஆசிரியர் பதவி. ஒருவர் ஒரு பெருந்தொகையைத் தருவார். பல்கலைக்கழகம் அதை வங்கியில் போட்டு, முதலைத் தொடாமல், வட்டியிலிருந்து ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கும். அவர் ஓய்வு பெற்றால் வேறொருவர் வருவார், பதவி நிற்கும். காகிதத்தில் பார்த்தால் கட்டடத்தைவிட அதற்கு ஆயுள் அதிகம். ஆனால் பதவிக்குப் பித்தளைத் தகடு அடிக்கச் சுவர் கிடையாது. வெட்டுவதற்கு ரிப்பனும் கிடையாது. ஆகவே கட்டடம் கொடுக்கிறவர்கள் கூட்டமாக வருவார்கள். பதவி கொடுக்கிறவர் எப்போதாவது ஒருவர்தான் அகப்படுவார்.

மெத்தைக்காரர் அப்படி அகப்பட்டவர். பழைய கடைத்தெருவில் பஞ்சு மெத்தை தைத்து விற்ற மனிதர். அவர் பணம் கொடுத்தது வானியல் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியருக்காக.

"மெத்தைக்காரர் காசு, அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம் வகுப்பு. தூங்கலைன்னா அவரை அவமதிச்ச மாதிரி" என்று மாணவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பதவிக்கு முதலில் வந்தவர் ஒரு பெண். அதே பதவியில் இருந்தபடியே அவருக்குத் தலை நரைத்தது. வரும் கோடை விடுமுறையோடு ஓய்வு. தனக்குப் பிறகு யார் வருவார் என்று அவர் கேட்டபோதுதான், யாரும் வரப்போவதில்லை என்பது தெரிந்தது.

காரணத்தில் பகை எதுவும் இல்லை. வட்டி விகிதம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிவிட்டது, சம்பளம் ஏறிவிட்டது. மெத்தைக்காரரின் தொகை இப்போது பாதிச் சம்பளத்துக்குத்தான் வருகிறது. மீதியைப் பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து போடுகிறது. ஆசிரியை ஓய்வு பெற்றதும் பதவியை மூடிவிட்டு, அந்த முதலைப் புதிய அறிவியல் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குத் திருப்பிவிடலாம் என்று நிதிக்குழு முடிவு செய்தது. குடும்பத்தார் இன்னொரு பெருந்தொகை சேர்த்துக் கொடுத்தால் அந்த மாடிக்கு மெத்தைக்காரரின் பெயர். ஆனால் ஒரு வேலைக்கென்று கொடுத்த தொகையை வேறொன்றுக்குத் திருப்ப வாரிசின் சம்மதம் வேண்டும். அந்தக் கையெழுத்தை வாங்கிவர நன்கொடை அலுவலர் புறப்பட்டார். ஆசிரியையையும் உடன் வரச் சொன்னார்.

நன்கொடை அலுவலருக்கு வளாகத்தில் பெயர் உண்டியல். முன்பு காப்பீடு விற்றவர். வட்டப்பெயர் அவருக்கும் தெரியும், அதற்காக முகம் சுளித்ததில்லை. "குலுக்கினா சத்தம் வரணும், அவ்வளவுதான்" என்பார்.

காரில் போகும்போது அவர் பின் இருக்கையில் வரைபடச் சுருளை நீளவாக்கில் வைத்து, அது உருளாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேசினார்.

"மேடம், ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். முகம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கட்டும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். பேச வேண்டியதை நான் பேசிக்கறேன்."

"அப்ப நான் எதுக்கு? பூங்கொத்துக்குப் பதிலா?"

"பூங்கொத்து வாடிடும் மேடம்."

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணாவது மாடியில யாரு என்ன சொல்லிக்கொடுப்பாங்க?"

"அது பின்னாடி முடிவாகும். முதல்ல மாடி எழும்பட்டும்."

"மாடி எழும்பும். வானத்தைப் பத்திப் பேச ஆள் இருக்க மாட்டாங்க."

உண்டியல் வெளியே பார்த்தார். "எனக்கு வானத்து மேல ஒரு கோபமும் இல்ல மேடம். யாராவது முதலை இரட்டிப்பாக்கினா நான் ஏன் மூடச் சொல்றேன்? அந்த வீட்டுல இப்ப அப்படிக் கேக்க முடியுமா? பெரியவர் போனதுக்கப்புறம் ஒரு போன்கூட இல்ல. அவங்களுக்கு இதுல ஆர்வமே விட்டுப்போச்சு. கட்டடம்னா ஒரு ஆசை வரும். பேரு தெரியும், போட்டோ எடுக்கலாம்."

அந்த வீட்டின் ஆர்வம் விட்டுப்போனது உண்மை என்றுதான் ஆசிரியையும் நம்பியிருந்தார். கார் பழைய கடைத்தெருவைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. கடைத்தெருத் திருப்பத்தில் அவர் தலை தானாகப் பின்னால் திரும்பியது.

அந்தத் தெருவுக்கு அவர் முதலில் வந்த நாள் நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்போதிருந்த நன்கொடைப் பிரிவு எழுத்தர், மூக்கில் கண்ணாடி சறுக்கிக்கொண்டே இருக்கும் மனிதர், அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க பதவிக்கு ஒரு நிபந்தனை இருக்கும்மா. வருஷத்துக்கு ஒரு தடவை அவர் பட்டறைக்குப் போய், அங்க வேலை செய்யறவங்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கணும். நாங்க வேண்டாம்னு சொல்லிப் பாத்தோம். 'வகுப்பு இல்லைன்னா பணம் இல்ல'ன்னுட்டார்."

ஆசிரியை சுவரில் படம் காட்டும் கருவியும் படத்தட்டுகளுமாகப் போனார். பட்டறையில் காலியான சுவர் ஒன்றுகூட இல்லை. எங்கும் பஞ்சுப் பொதி, கோடு போட்ட துணிச் சுருள், காற்றிலேயே மிதந்துகொண்டிருந்த பஞ்சு இழை. மெத்தைக்காரர் கருவியைச் சுற்றிவந்து பார்த்தார். குட்டையான மனிதர், புருவத்திலும் பஞ்சு.

"இதுல என்ன காட்டுவீங்க டீச்சர்?"

"வானத்தோட படம்."

"வானமே மேல இருக்கே. படம் எதுக்கு?"

எல்லாரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். பகலெல்லாம் வெயிலில் காயப்போட்ட மெத்தைகள் வரிசையாகக் கிடந்தன. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மெத்தைக்காரர் முதல் ஆளாக ஒரு மெத்தையில் மல்லாந்து படுத்தார். தையல்காரர்களும் பஞ்சு அடிக்கிறவர்களும் கூச்சத்தோடு அக்கம்பக்கத்தில் படுத்தார்கள். ஆசிரியை மட்டும் கையில் குறிப்புத் தாளோடு நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களும் படுங்க டீச்சர். படுத்துப் பாக்கற பாடத்தை நின்னுக்கிட்டு நடத்தினா கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மெத்தையில் படுத்தபடி வகுப்பெடுக்கலாம் என்று எந்த விதியிலும் இல்லை. கூடாது என்றும் இல்லை. அவர் படுத்தார். வெயில் இறங்காத மெத்தை முதுகுக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

காரணத்தை அன்றைக்கே மெத்தைக்காரர் சொன்னார். இளவயதில் இன்னொருவர் கடையில் வேலைக்கு இருந்தபோது, மெத்தைகளைக் காலையில் மாடிக்கு ஏற்றுவதும் பனி இறங்குமுன் கீழே இறக்குவதும்தான் அவர் வேலை. முதலாளி குரல் கொடுக்கும்வரை அந்த மெத்தைகளில் படுத்துக் கிடப்பார். மெல்ல ஒன்று, அப்புறம் ஒன்று என்று வெள்ளிகள் முளைக்கும். சிலது இடம் மாறும், சிலது மாறாது. மெத்தை வாங்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் ஏன் என்று கேட்டார். "நீ தையலைப் பாருடா" என்றார் வாத்தியார்.

"கேட்டா சொல்றதுக்கு ஊருல ஒரு ஆள் இருக்கணும் டீச்சர். அதை மட்டும் பாக்கிற வேலையா ஒரு ஆள். நான் கேக்கறதுக்கு மட்டுமில்ல, யாரு வேணும்னாலும் போய்க் கேக்கறதுக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் மழை நின்று வானம் தெளிகிற மாதத்தில் அந்த வகுப்பு நடந்தது. முதல் கேள்வி எப்போதும் மெத்தைக்காரருடையது. அவருடைய மகள் பள்ளிச் சீருடையோடு தகப்பனுக்குப் பக்கத்தில் படுத்திருப்பாள். அவளுடைய தம்பி வகுப்பு தொடங்குவதற்குள் தூங்கியிருப்பான். ஒருமுறை வானம் முழுக்க மேகம் மூடிவிட்டது. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று ஆசிரியை கேட்டார். "மேகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறதைச் சொல்லுங்க. நாங்க நம்பறோம்" என்றார் மெத்தைக்காரர். அன்று மாலை முழுவதும் அவர்கள் சாம்பல் நிற மேகத்தைப் பார்த்தபடி சனிக்கோளின் வளையங்களைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் வகுப்பறையில் ஆசிரியையின் பின்னல் நிறையப் பஞ்சு ஒட்டியிருக்கும். "மேடம் நேத்து மெத்தைக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாங்க" என்று முதல் வரிசையில் கிசுகிசு எழும். பட்டறையில் புரியும்படி சொல்வதற்காகத் தேடிப்பிடித்த உவமைகளை அந்த ஆண்டு முழுவதும் அவர் வகுப்பில் பயன்படுத்துவார். தன் நல்ல வகுப்புகள் எல்லாம் அந்த மாடியில் தயாரானவை என்பது அவருக்குத் தெரியும். சக ஆசிரியர்களிடம் அதைச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

பிறகு ஒரு நாள் மெத்தைக்காரர் இறந்தார். வகுப்புகளும் நின்றுபோயின.

கார் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்றது. தகரக் கூரை, உயரமான கதவு, உள்ளே ஏற்றுமதிக்குக் கட்டிவைத்த மெத்தைகள். பஞ்சைக் காணோம். வெள்ளைப் பாறைகள் போல நுரைப்பாளங்கள் அடுக்கியிருந்தன. ஓர் இயந்திரம் கம்பியால் அவற்றைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தது. பசை நாற்றம் மூக்கில் ஏறியது. தாங்கள் எதிர்பார்த்ததைவிட நிறுவனம் பெரிது என்பதை உண்டியலின் கண்கள் உடனே குறித்துக்கொண்டன.

மெத்தைக்காரரின் மகள் கண்ணாடித் தடுப்புப் போட்ட அறையில் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, தகப்பனைப் போலவே குட்டை. எழுந்து நின்றார்.

"வாங்க சார். வாங்க மேடம், உக்காருங்க."

ஆசிரியைக்கு அந்த 'மேடம்' சுருக்கென்றது. இத்தனை ஆண்டுகளில் அந்த வீட்டில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

உண்டியல் மேசையில் வரைபடத்தை விரித்தார். நான்கு மூலைக்கும் பாரம் வேண்டியிருந்தது. ஒரு மூலையில் மகளின் கைப்பேசியையே எடுத்து வைத்தார். அதில் மகளின் தம்பி வேறொரு நகரத்திலிருந்து, ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடியின் அகலம், வரவேற்புக் கூடத்தில் அப்பாவின் படம், வெளிச்சுவரில் சாலையிலிருந்தே தெரியும் எழுத்துகள், அதற்குக் குடும்பம் சேர்க்க வேண்டிய தொகை. உண்டியல் நன்றாகப் பேசினார். பொய் எதுவும் சொல்லவில்லை.

"சரிதான் சார்" என்றது கைப்பேசி. "அப்பா பேரு கண்ணுக்குத் தெரியணும். இப்ப இருக்கறது என்ன? ஒரு சம்பளப் பட்டியல்ல ஒரு வரி. அக்கா, எங்க கையெழுத்து போடணும்னு பாரு."

மகள் பேனாவை எடுத்தார். ஆசிரியையை அவர் பார்க்கவில்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வயதான பெண் தேநீர்த் தட்டோடு வந்தார். பழைய பட்டறையில் மெத்தை உறை தைத்தவர். இப்போது தையல் பிரிவுக்கு அவர்தான் தலைமை. தேநீர் கொண்டுவருவது அவர் வேலையில்லை. யார் வந்திருக்கிறார் என்று பார்க்கவே வந்திருந்தார்.

"பரவாயில்லையே, நட்சத்திர டீச்சருக்கு இன்னும் வழி தெரியுதே! நாங்க, பாதை மறந்துபோச்சு போலிருக்குன்னு இருந்தோம்."

"நல்லாயிருக்கீங்களா அம்மா?" என்றார் ஆசிரியை.

"எனக்கென்ன, கண்ணுதான் மங்கிடுச்சு. நீங்க மேல காட்டினது பாதி மறந்தும்போச்சு." தேநீரை வைத்துவிட்டு, போகாமல் நின்றார். "அவர் தவறின வருஷம் மெத்தையெல்லாம் போட்டு வெச்சோம். இருட்டற வரைக்கும் படுத்துக் கிடந்தோம். ஒருத்தரும் வரலை. அந்தக் கிழவர் இல்லைன்னதும் நாங்க தேவையில்லாமப் போயிட்டோம், அதானே?"

"அம்மா, விடுங்க" என்றார் மகள்.

"ஏன் விடணும்? கேக்கட்டும்."

ஆசிரியை கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்க காத்திருந்தீங்களா?"

"பின்னே?" என்றார் மகள். முதல்முறையாக ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார். "ரெண்டாவது வருஷமும் போட்டு வெச்சோம். நான் போன் பண்ணலாம்னு எடுத்தேன். தம்பிதான் வேண்டாம்னான். 'காசு குடுத்த திமிருல டீச்சரை வரச் சொல்லி அதிகாரம் பண்றாங்கன்னு நினைப்பாங்க, அவங்களா வந்தா வரட்டும்'னான்."

"நான் சொன்னது தப்பா?" என்றது கைப்பேசி.

"நான் கிளம்பித்தான் இருந்தேன்" என்றார் ஆசிரியை. "பழைய எழுத்தர்தான் தடுத்தார். 'துக்கம் நடந்த வீடு, இப்பப் போனா அடுத்த காசுக்கு அடி போடறோம்னு நினைப்பாங்க. அவங்களா கூப்பிட்டா போகலாம்'னார். கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். கூப்பிடலை. அப்பாவுக்கு மட்டும்தான் இதுல ஆசை, உங்களுக்கெல்லாம் தொல்லையா இருந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

வெளியே கம்பி நுரையை அறுக்கும் சத்தம் மட்டும் வந்தது. இரண்டு பக்கமும் மரியாதை பார்த்தே அந்த வகுப்பு நின்றிருக்கிறது. சண்டை போட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும்.

"அடப் பாவிங்களா" என்றார் தையல் அம்மா. "ரெண்டு பேரும் படிச்சவங்கதானே? ஒரு போனு!"

மகள் பேனாவை மூடவில்லை, எழுதவும் இல்லை. "நீங்க எங்களை விட்டுட்டீங்கன்னு எனக்கு ஒரு கோபம் டீச்சர். அதான் கட்டடம்னதும் சரின்னேன். கட்டடம் நம்மளை விட்டுட்டுப் போகாதுல்ல?"

உண்டியலுக்கு நிலைமை புரிந்துவிட்டது. வரைபடத்தின் மூலையைத் தடவிவிட்டுக்கொண்டே மகளிடம் மெதுவாகச் சொன்னார்: "மேடம், உணர்ச்சி எல்லாம் சரி. ஆனா டீச்சர் இந்தக் கோடையோட போயிடறாங்க. கணக்குப்படி..."

"அதைத்தான் நான் சொல்லணும்" என்றார் ஆசிரியை. காரில் சொல்லாததை இப்போது சொன்னார். "எனக்காக நீங்க எதுவும் செய்ய வேண்டாம். எனக்கு வர வேண்டியது வந்துடும். இதுல நீங்க கையெழுத்து போட்டா எனக்கப்புறம் ஆள் இல்ல, அவ்வளவுதான். உங்க அப்பா கேட்டது அது ஒண்ணுதான். கேட்டா சொல்றதுக்கு ஊருல ஒரு ஆள். இன்னிக்கு அந்த ஆள் நான். நாளைக்கு யாராவது வேணும். பதவி இருந்தா யாராவது வருவாங்க. மாடி இருந்தா மாடிதான் இருக்கும்."

"முதலை அப்படியே வெச்சா பாதிச் சம்பளம்தான் வருது" என்றார் உண்டியல்.

"மாடிக்கு நாங்க சேத்துக் குடுக்கறதா சொன்ன தொகையை இதுல சேத்தா?" மகள் கேட்டார்.

உண்டியல் பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை. ஆனால் அந்த அறையில் அவரால் முடியவில்லை. "வரும்" என்றார். "தாராளமா வரும்."

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றது கைப்பேசி. "அப்பா பேரை யாரு பாப்பா? அதைச் சொல்லு முதல்ல."

"நீ பாத்தியாடா? ஒவ்வொரு வருஷமும் டீச்சர் வாயைத் திறக்கறதுக்குள்ள குறட்டை."

"அந்த மாதிரித் தூக்கம் அதுக்கப்புறம் எனக்கு வரவே இல்லை." கைப்பேசியில் குரல் இறங்கியது. "அப்பா கை என் நெத்தி மேல இருக்கும். டீச்சர் என்னமோ சொல்லிக்கிட்டே இருப்பாங்க. எவ்வளவு தூரம், எவ்வளவு தூரம்னு. ஒரு வார்த்தை புரியாது. ஆனா அந்தக் குரல் நின்னா முழிப்பு வந்துடும்."

ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, நீ முடிவு பண்ணிட்டுத்தான் என்னைக் கேப்ப" என்றார் தம்பி. "என் பங்குல பாதி இந்த வருஷம், பாதி அடுத்த வருஷம். அவ்வளவுதான் முடியும்."

உண்டியல் வரைபடத்தைச் சுருட்டினார். ஒரு மாடி கைநழுவிய வருத்தம் முகத்தில் தெரிந்தது. "பிஸ்கட்காரர் பேரன் கேட்டுக்கிட்டே இருக்கார். அவர்கிட்ட போறேன்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

"சார், எனக்கும் ஒரு நிபந்தனை இருக்கு" என்றார் மகள். "புது ஆளை எப்படி எடுப்பீங்க?"

"விளம்பரம், விண்ணப்பம், தேர்வுக் குழு. எல்லாம் முறையா."

"வர்றவங்க எல்லாரும் இங்கயும் ஒரு வகுப்பு எடுக்கட்டும். எங்க ஆளுங்களுக்கு."

"அது முடியாதுங்க. கொடையாளர் தேர்வுல தலையிடக் கூடாது. விதி இருக்கு."

"யாரு தலையிடறா? மார்க் நீங்க போடுங்க. நாங்க கேள்வி மட்டும்தான் கேப்போம்."

உண்டியல் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அது ஆறிப்போயிருந்தது. "மாணவர்களுக்கு முன்னாடி ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்றோம்தானே?" என்றார். "மாணவர்கள் எங்க இருக்கணும்னு விதியில இருக்கா?"

"இல்ல" என்றார் உண்டியல். "இல்லாமப் போச்சு."

தேர்வுக் குழு முணுமுணுத்தது. குழுத் தலைவர் இது கேலிக்கூத்து என்றார். உண்டியல் அவரிடம் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் ஒரு மாலை குழுவே இரண்டு கார்களில் வந்து இறங்கியது.

தொழிற்சாலைக் கூரை தகரம் என்பதால் சரக்கு ஏற்றும் முற்றத்தில் இடம் ஒழித்தார்கள். அன்றைக்குக் கட்டியிருந்த மெத்தைகளை உறையோடு வரிசையாகப் போட்டார்கள். குழுவினர் நாற்காலி கேட்டு வாங்கி ஓரமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியை தொழிலாளர்கள் நடுவே, தையல் அம்மாவுக்கும் மகளுக்கும் இடையில் படுத்துக்கொண்டார்.

விண்ணப்பித்தவர்களில் முதலில் வந்தவர் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டுப் போனார். அடுத்தவர் தொலைநோக்கி ஒன்று கொண்டுவந்து, வரிசையில் வந்து பார்க்கச் சொல்லி, பாதிப் பேர் பார்ப்பதற்குள் நேரத்தைத் தீர்த்துவிட்டார். மூன்றாவதாக வந்தது ஓர் இளம்பெண். குரல் நடுங்கியது. எங்கே நிற்பது என்று தெரியாமல் மெத்தை வரிசைகளுக்கு இடையே சுற்றிவந்து, கடைசியில் ஒரு மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்தார். கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் இருட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அது வெற்றிடம் இல்லை, அங்கேயும் பொருள் இருக்கிறது என்று சொன்னார்.

"என்ன பொருள்?" தையல் அம்மா படுத்தபடியே கேட்டார்.

"தூசிதான்மா. பெரும்பாலும் வாயு, அதோட தூசி."

முற்றம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் திகைத்தார். நாள் முழுக்க நுரைத் தூசியில் நிற்கிறவர்கள் அவர்கள் என்பது அவருக்குத் தெரியாது.

"அங்கயுமா?" என்றது ஒரு குரல்.

"நிறைய இருக்கு. அது கூடிக் கூடித் திரண்டுதான் நட்சத்திரமே பிறக்குது."

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் தையல் அம்மா. "அவ்வளவு தூசியை யாரு பெருக்கறது?"

மறுபடியும் சிரிப்பு. ஆசிரியைக்கு வாய்வரை ஒரு பதில் வந்துவிட்டது. இப்படிப்பட்ட கேள்வியை நகைச்சுவையாகத் தட்டிவிட்டு, அடுத்ததற்குப் போகும் வித்தை அவருக்குக் கைவந்தது. உதடு பிரிந்தது. பின் மூடிக்கொண்டார். இது அவருடைய வகுப்பு இல்லை.

இளம்பெண் கையிலிருந்த தாளை மடியில் வைத்தார். யோசித்தார். நாற்காலியில் இருந்த ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"நட்சத்திரமேதான் பெருக்குது" என்றார் இளம்பெண். நடுக்கம் எங்கோ போயிருந்தது. "பிறக்கிறப்போ சுத்தி ஒரே தூசியா மூடியிருக்கும். வெளியில இருந்து பாத்தா உள்ளே நட்சத்திரம் இருக்கறதே தெரியாது. அது எரிய ஆரம்பிச்சதும் அதோட வெளிச்சமும், அதுல இருந்து கிளம்பற காத்தும் கொஞ்சம் கொஞ்சமா அந்தத் தூசியை வெளியில தள்ளும். இப்ப நம்ம கண்ணுக்குத் தெரியுது பாருங்க, இது எல்லாமே தன் வீட்டைத் தானே கூட்டி முடிச்சதுங்க."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். தையல் அம்மா மங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டார்.

மகள் முழங்கையால் ஆசிரியையை இடித்தார். "சரியா சொல்றாங்களா டீச்சர்?"

தான் நகைச்சுவையாகத் தட்டிவிட்டிருக்கக்கூடிய கேள்வி அது என்று ஆசிரியை நினைத்துக்கொண்டார்.

"சரிதான்" என்றார். "பேசாம கேளுங்க. அடுத்ததைச் சொல்லப்போறாங்க."